ஒரே பெட்டியில் தேடினால் எல்லாத் தரவுத்தளங்களையும் தேடியதாகுமா?

சிங்கப்பூரில் இயங்கிய தமிழ்வழிப் பள்ளிகளைப் பற்றிப் பகுதிநேரமாக முதுகலை ஆய்வேடு எழுதிவரும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பல்கலைக்கழக நூலகப் பக்கத்தின் நடுவில் இருக்கும் தேடல் பெட்டி எல்லாத் தரவுத்தளங்களையும் ஒரே நேரத்தில் தேடித் தரும் என்று அறிமுக வகுப்பில் சொன்னார்கள்; ஆனால் தமிழில் தேடினால் ஒன்பது முடிவுகள் வருகின்றன, ஆங்கிலத்தில் தேடினால் நாற்பதாயிரத்துக்கு மேல் வருகின்றன, மேற்பார்வையாளர் பெயர் சொல்லிப் படிக்கச் சொன்ன கருத்தரங்கக் கட்டுரை இரண்டிலும் இல்லை; அப்படியானால் இனி ஒவ்வொரு தரவுத்தளமாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டுமா?

எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். சிலவற்றைக் கட்டாயம் திறக்க வேண்டும். எவை அந்தச் சில என்பதைக் கண்டுபிடிக்க, அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது. நூலகத்தின் மேற்கோள் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில், என் மேசைக்கு வந்தவர்களில் பாதிப்பேரின் சிக்கல் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாததால் வந்ததுதான்: அந்தப் பெட்டி தரவுத்தளங்களைத் தேடுவதே இல்லை. தரவுத்தளங்களிலிருந்து முன்கூட்டியே திரட்டி வைத்த ஓர் அட்டவணையைத்தான் அது தேடுகிறது.

முன்பு உண்மையாகவே தரவுத்தளங்களைத் தேடிய முறை ஒன்று இருந்தது. நூலகக் கணினிகள் ஒன்றோடொன்று கேட்டுப் பதில் பெறுவதற்காக 1988-இல் முதல் பதிப்பு கண்ட இசட்39.50 என்ற நெறிமுறையும், அதைப் போன்ற பிற இணைப்புகளும் அதற்கு அடிப்படை. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டியதும், அந்தச் சொல் அதே கணத்தில் பத்துப் பதினைந்து தரவுத்தளங்களுக்குப் போகும். ஒவ்வொன்றும் தன் முடிவுகளில் முதல் இருபதையோ ஐம்பதையோ திருப்பி அனுப்பும். இடையில் நிற்கும் மென்பொருள் அவற்றைக் கலந்து உங்களுக்குக் காட்டும். தேக்கா சந்தையில் பத்துக் கடைகளுக்குப் பத்துப் பையன்களை அனுப்பிவிட்டு வாசலில் காத்து நிற்பதைப் போன்றது அது. மெதுவாக நடக்கும் பையன் வரும்வரை சமையல் தொடங்காது. வந்த கூடைகளில் ஒரே கத்தரிக்காய் மூன்று முறை இருக்கும். எந்தக் கடைக்காரர் தம் நல்ல சரக்கைக் கொடுத்தார், எவர் கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தரவுத்தளம் தன் பக்க அமைப்பை மாற்றினால் இணைப்பு அறுந்துபோகும், அறுந்தது திரையில் தெரியவும் தெரியாது.

2009-இல் சம்மன், அடுத்த ஆண்டே பிரைமோ சென்ட்ரல், எப்ஸ்கோ டிஸ்கவரி சர்வீஸ் என்று வந்த அமைப்புகள் இந்த முறையைத் தலைகீழாக்கின. பதிப்பாளர்களிடமிருந்தும் தரவுத்தள நிறுவனங்களிடமிருந்தும் தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், சில வேளைகளில் முழுவுரை ஆகியவற்றை முன்னதாகவே வாங்கி, ஒரே இடத்தில் கொட்டி, ஒரே அட்டவணையாக்கி வைத்துவிடுகிறார்கள். தேடல் ஒரு நொடியில் முடிகிறது. வரிசைப்படுத்தலும் ஒரே அளவுகோலில் நடக்கிறது. இன்று பல்கலைக்கழக நூலகங்களின் முகப்பில் காணப்படும் ஒற்றைப் பெட்டி பெரும்பாலும் இந்த வகைதான்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. சரக்கைக் கொடுக்காத கடை அந்தக் கிடங்கில் இல்லை. சட்டத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் தம் தீர்ப்புரைகளை வெளி அட்டவணைக்குக் கொடுப்பதில்லை. ஆகவே லாநெட்டில் இருக்கும் சிங்கப்பூர்த் தீர்ப்பு ஒன்றை நூலகப் பெட்டியில் எதிர்பார்க்கக் கூடாது. ஃபாக்டிவா போன்ற செய்தித் தரவுத்தளங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஒருவருக்கொருவர் போட்டியாக இருந்த நிறுவனங்கள் தங்கள் பதிவுகளை மற்றவரின் அட்டவணைக்குத் தராமல் வைத்திருந்த கதை நூலகர்களிடையே பிரபலம். எந்த அட்டவணையில் எது இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்கத் தகவல் தர அமைப்பான நைசோ 2014-இல் ஒரு பரிந்துரையே வெளியிட வேண்டியிருந்தது. இவ்வளவு நடந்த பிறகும் நூலகப் பக்கங்கள் 'எல்லாவற்றையும் தேடுக' என்று எழுதுவதை விடவில்லை. எனக்கு அந்த 'எல்லாவற்றையும்' என்ற சொல்மீது எப்போதும் கோபம் உண்டு.

இப்போது உங்கள் நாற்பதாயிரத்துக்கு வருவோம். அந்த எண்ணைக் கண்டு மலைக்கவும் வேண்டாம், அதை ஆய்வேட்டில் எழுதவும் வேண்டாம். அது ஒரு மதிப்பீடு. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் குறையும், மறுநாள் தேடினால் மாறும். முழுவுரையும் அட்டவணையில் இருப்பதால், நீங்கள் தந்த மூன்று சொற்களும் முந்நூறு பக்க நூலொன்றில் வெவ்வேறு மூலைகளில் இருந்தாலும் அந்த நூல் முடிவாக வந்துவிடும். ஆங்கிலத்தில் 'தமிழ்', 'பள்ளி', 'சிங்கப்பூர்' ஆகிய மூன்று சொற்களைச் சும்மா தட்டினால் இலங்கை அரசியல் முதல் மலேசியத் தோட்டப் பள்ளிகள் வரை எல்லாம் வந்து நிற்பது அதனால்தான். மேம்பட்ட தேடலுக்குச் சென்று, 'தமிழ்' என்பதைப் பொருள்தலைப்புப் புலத்திலும் (நூல் எதைப் பற்றியது என்று பட்டியலாளர் குறிக்கும் இடம் அது) 'சிங்கப்பூர்' என்பதைத் தலைப்புப் புலத்திலும் வைத்துப் பாருங்கள். பட்டியல் ஒரே நிமிடத்தில் படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்கும். நூலகங்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பொருள்தலைப்புகளில் தமிழ் மக்களுக்கு ஒரு தலைப்பும், தமிழ் மொழிக்கு வேறொரு தலைப்பும், மொழியைக் கற்றல் கற்பித்தலுக்கு அதன் கீழ் ஓர் உட்பிரிவும், அதற்கும் கீழே நாட்டின் பெயரும் உண்டு. பொருத்தமான ஒரு நூலைக் கண்டுபிடித்து, அதன் பதிவில் உள்ள தலைப்புகளின்மீது சொடுக்கி அடுத்த நூல்களுக்குப் போவது, புதிய சொற்களை யோசித்துத் தட்டிக்கொண்டிருப்பதைவிட நல்ல வழி.

இடப்பக்க வடிகட்டிகளில் ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். 'முழுவுரை உள்ளவை மட்டும்' என்ற கட்டம் பல அமைப்புகளில் தானாகவே தேர்வாகியிருக்கும். நூலகம் சந்தா கட்டாத இதழ்களில் வந்த கட்டுரைகள் அதனால் உங்கள் கண்ணில் படாமலே போகும். நானே ஒரு நூலகத்தின் அமைப்பில் இரண்டு வாரம் தேடிவிட்டு, 'இந்தப் பொருளில் எவரும் எழுதவில்லை' என்று ஒருவருக்கு உறுதியாகச் சொல்லி அனுப்பிய பிறகுதான், அந்தக் கட்டம் நிரம்பியிருந்ததைப் பார்த்தேன். எடுத்துவிட்டுத் தேடியபோது ஆறு கட்டுரைகள் வந்தன. அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

தமிழில் ஒன்பதே முடிவுகள் வந்ததற்குக் காரணம் வேறு. தமிழ் நூல்கள் இல்லாமல் இல்லை. அவை வேறு வேடத்தில் இருக்கின்றன. உலகின் பெரும்பாலான ஆய்வு நூலகங்கள் தமிழ் நூல்களை ரோமன் எழுத்துப்பெயர்ப்பில்தான் நெடுங்காலமாகப் பட்டியலிட்டு வந்துள்ளன. அந்த முறை உச்சரிப்பைப் பின்பற்றாது, தமிழ் எழுத்தைப் பின்பற்றும். சகரம் எங்கே வந்தாலும் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான 'சி'. ககரம் 'க' என்று ஒலித்தாலும் 'ஹ' என்று ஒலித்தாலும் 'கே'. ழகரம் அடிக்கோடிட்ட 'எல்'. ஆகவே சிங்கப்பூர் என்ற பெயர் அங்கே நாம் பாஸ்போர்ட்டில் பார்ப்பதுபோல் 'எஸ்' எழுத்தில் தொடங்காது, 'சி' எழுத்தில் தொடங்கும். நடுவில் 'ஜி' இருக்காது, 'கே' இருக்கும். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் கோ. சாரங்கபாணியை ஆங்கில நாளிதழ்களில் தேடினால் 'எஸ்' எழுத்திலும், எழுத்துப்பெயர்ப்புப் பதிவுகளில் தேடினால் 'சி' எழுத்திலும் தேட வேண்டும். மேலே கீழே வரும் புள்ளிகளையும் கோடுகளையும் தட்டத் தேவையில்லை. பெரும்பாலான அமைப்புகள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. புதிய பதிவுகளில் தமிழ் எழுத்தும் இணையாக இருக்கும். பழையவற்றில் அதை நம்ப முடியாது. எனவே ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் தமிழ் எழுத்து, எழுத்துப்பெயர்ப்பு, நடைமுறை ஆங்கிலம் என்று மூன்று வடிவங்களில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை 'அல்லது' என்ற பொருள்தரும் ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்துத் தேடுங்கள். அந்த இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்துகளில் தட்டாவிட்டால் பல அமைப்புகள் அதைச் சாதாரணச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும்.

உங்கள் பொருளிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு: 1946-இல் தொடங்கி, சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியாக இருந்து 1982-இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி. இந்தப் பெயர் 'உமறுப்புலவர்' என்று சேர்ந்தும், 'உமறுப் புலவர்' என்று பிரிந்தும், 'உமர் புலவர்' என்று ஒற்று மிகாமலும் அச்சாகியிருக்கலாம். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் கணினி நீங்கள் தட்டிய வடிவத்தை மட்டுமே தேடும். சந்தி அதற்குத் தெரியாது. 'தமிழ்ப்பள்ளி', 'தமிழ்ப் பள்ளி', 'தமிழ் பள்ளி', 'தமிழ்ப் பாடசாலை' ஆகிய நான்கும் அதற்கு நான்கு வெவ்வேறு பொருள்கள்.

வேற்றுமை உருபு அடுத்த தொல்லை. 'சிங்கப்பூர்' என்று தேடினால் 'சிங்கப்பூரில்', 'சிங்கப்பூரின்' என்று வரும் தலைப்புகள் தப்பிவிடும். சொல்லின் கடைசியில் உடுக்குறி (*) இட்டால் மீதி எழுத்துகள் எப்படி இருந்தாலும் பிடித்துவிடலாம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். அது ஆங்கிலத்துக்கு அப்படியே பொருந்தும், தமிழுக்கு ஒரு நுணுக்கம் வேண்டும். கணினியில் 'ர்' என்பது 'ர' என்ற எழுத்தும் புள்ளியும் சேர்ந்த இரண்டு குறிகள். 'ரி' என்பது 'ர' என்ற எழுத்தும் இகரக் குறியும் சேர்ந்தது. ஆகவே 'சிங்கப்பூர்' என்று புள்ளியோடு எழுதி உடுக்குறி இட்டால் 'சிங்கப்பூரில்' அகப்படாது. புள்ளியை நீக்கி 'சிங்கப்பூர' என்று எழுதி அதன்பின் உடுக்குறி இட்டால் மூன்றும் அகப்படும். இதே முறையில் 'தொழிலாள' என்று நிறுத்தினால் தொழிலாளர், தொழிலாளி இரண்டும் வரும். ஆனால் மரத்தைத் தேட 'மர' என்று நிறுத்தினால் மரபும் மரணமும் சேர்ந்து வரும். எங்கே வெட்டுவது என்பதைச் சொல்லுக்குச் சொல் நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். உடுக்குறியை ஏற்காத அமைப்புகளும் உண்டு. ஒரு சோதனைத் தேடலிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு சிறு சங்கடம், கோயில்களைப் பற்றி எழுதுபவர்களுக்கு அடிக்கடி வருவது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு வகையாக உள்ளிடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கோ இரண்டும் வேறு. உங்கள் விசைப்பலகை ஒரு வகையைத் தர, பட்டியலாளர் மற்ற வகையைப் பயன்படுத்தியிருந்தால் தேடல் வெறுங்கையோடு திரும்பும். 'ஸ்ரீ'யை விட்டுவிட்டு 'மாரியம்மன்' என்று மட்டும் தேடுவதே நிம்மதி. கணினியில் தமிழ் ஆளுக்கொரு எழுத்துருவாகச் சிதறிக் கிடந்த 1997-இலேயே, பொதுத் தரம் வேண்டும் என்று தமிழ்நெட் மாநாட்டைக் கூட்டிய ஊர் சிங்கப்பூர், இங்குள்ள எழுத்தாளர் நா. கோவிந்தசாமி அதற்காக உழைத்தார். யூனிகோடு வந்து அந்தப் பெரிய சிக்கல் தீர்ந்தது. 'ஸ்ரீ' போன்ற சில்லறைகள் மிச்சம்.

மேற்பார்வையாளர் சொன்ன கட்டுரை கிடைக்காததற்குக் காரணத்தை நீங்கள் எழுதியிருக்கும் விவரத்திலிருந்தே ஊகிக்க முடிகிறது: அது கருத்தரங்கில் படிக்கப்பட்டு, மலரில் அச்சானது. தமிழ் ஆய்வின் பெரும்பகுதி இதழ்களில் வெளிவருவதில்லை. கருத்தரங்கத் தொகுப்புகளிலும், சங்கங்களின் ஆண்டு மலர்களிலும், பள்ளி நிறைவு விழா மலர்களிலும், குடமுழுக்கு மலர்களிலும் புதைந்து கிடக்கிறது. நூலகம் அந்த மலரை ஒரே நூலாகத்தான் பட்டியலிடும். உள்ளே இருக்கும் நாற்பது கட்டுரைகளின் பெயர்கள் பதிவில் இருப்பது அரிது. ஒற்றைப் பெட்டிக்குக் கட்டுரைகளைத் தரும் நிறுவனங்களோ இத்தகைய மலர்களைத் தொடுவதே இல்லை. ஆகவே கட்டுரைத் தலைப்பைத் தேடாதீர்கள். மலரின் பெயர், நடத்திய அமைப்பு, நடந்த ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தேடுங்கள். 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டில் படிக்கப்பட்ட ஒரு கட்டுரை வேண்டுமானால், மாநாட்டுத் தொகுதியைக் கண்டுபிடித்துப் பொருளடக்கத்தைக் கையால் புரட்டுவதுதான் இன்றும் நம்பகமான வழி.

இனி, பெட்டியை விட்டு வெளியே போய்த் திறக்க வேண்டியவை. உங்கள் ஆய்வுக்கு முதலாவது தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி. 'தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1845-இல் தொடங்கியதிலிருந்து இங்குள்ள நாளிதழ்கள் அதில் மின்மயமாகியுள்ளன. தமிழ் முரசும் உண்டு. அண்மைக் காலத்து இதழ்கள் சிலவற்றை நூலகக் கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகளில்தான் திறக்க முடியும் என்பதால், தேதிகளை வீட்டில் குறித்துக்கொண்டு விக்டோரியா ஸ்திரீட்டுக்கு ஒரே தடவை போய்வருவது காலத்தை மிச்சப்படுத்தும். பழைய தமிழ் அச்சைக் கணினி எழுத்துணரி படிக்கும்போது தவறுகள் மிகுதி. சீர்திருத்தத்துக்கு முந்திய, தும்பிக்கை போட்ட 'லை', 'னை' ஆகியவற்றில் அது தடுமாறும். எனவே சொல்லால் தேடுவதோடு நின்றுவிடாமல், நிகழ்வின் தேதி தெரிந்தால் அந்த நாளின் இதழைத் திறந்து கண்ணால் பாருங்கள். வாரியத்தின் ஒன்சர்ச் என்ற தேடல் பக்கம், நூல்கள், நாளிதழ்கள், படங்கள் எனப் பல தொகுப்புகளைச் சேர்த்துக் காட்டுகிறது. தேசிய ஆவணக் காப்பகம் 2012 நவம்பரில் வாரியத்தோடு இணைந்தது இந்த வகையில் நமக்கு நல்லதாயிற்று. என்றாலும் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுக்கு அதன் சொந்தத் தளத்துக்கே போவது மேல். பழைய ஆசிரியர்களின் குரல்களை அங்கேதான் தேட வேண்டும். சுதந்திரத்துக்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளின் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கி 2015-இல் வெளியிட்ட தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பையும் மறந்துவிடாதீர்கள். ஆசிரியர்களாக இருந்த எழுத்தாளர்கள் பலர், பள்ளிக்கூடம் கதைகளில் நிறைய வரும்.

கடலுக்கு அப்பால் சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் தளமும் உள்ளன. இவற்றைத் தனித்தனியாகத்தான் தேட வேண்டும்.

கல்வியியல் பக்கத்துக்கு எரிக் தரவுத்தளம் போதுமானது. 1966 முதலான பதிவுகள் அதில் உள்ளன, அனைவருக்கும் இலவசம். அதை எப்ஸ்கோ வழியாகத் திறந்தால், அதே நிறுவனத்தின் கீழ் உங்கள் நூலகம் சந்தா கட்டியிருக்கும் வேறு சில தரவுத்தளங்களையும் கட்டத்தில் தேர்ந்தெடுத்து ஒன்றாகத் தேடலாம். புரோகுவெஸ்ட்டிலும் அப்படியே. என்னைக் கேட்டால், 'பலவற்றை ஒரே நேரத்தில்' தேடுவதற்கு இந்த நடுத்தர வழிதான் சிறந்தது: எந்த நான்கைத் தேடினோம் என்று உங்களுக்குத் தெரியும், ஆய்வேட்டின் முறையியல் இயலில் பெயர் சொல்லி எழுதலாம், மறுமாதம் அதே தேடலைத் திரும்பச் செய்யலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: ஒவ்வொரு தரவுத்தளமும் தனக்கென ஒரு கலைச்சொல் பட்டியலை வைத்திருக்கிறது, எரிக்கின் பொருள்தலைப்பை வைத்துக்கொண்டு நான்கையும் தேடினால், மற்ற மூன்றும் ஏறக்குறைய மௌனமாக இருக்கும். சேர்த்துத் தேடும்போது சாதாரணச் சொற்களையும், தனியாகத் தேடும்போது அந்தந்தத் தளத்தின் கலைச்சொற்களையும் பயன்படுத்துங்கள்.

முழுக் கட்டுரைக்கான பொத்தானை அழுத்தினால் பிழைப்பக்கம் வருகிறது என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொத்தான் கட்டுரையின் முகவரியை வைத்திருப்பதில்லை. இதழின் எண், தொகுதி, ஆண்டு, பக்கம் ஆகியவற்றை ஓப்பன்யூஆர்எல் என்ற முறையில் மூட்டை கட்டி இன்னொரு மென்பொருளிடம் கொடுக்கிறது. அது நூலகத்தின் சந்தாப் பட்டியலைப் பார்த்து வழி சொல்கிறது. மூட்டையில் ஒரு எண் தவறினாலும் வழி தவறும். கட்டுரை இல்லை என்று அதற்குப் பொருளில்லை. நூலகப் பக்கத்திலிருந்தே அந்த இதழின் பெயரைத் தேடித் திறந்து, ஆண்டையும் தொகுதியையும் கையால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். கூகுள் வழியாக நேராகப் பதிப்பாளர் தளத்துக்குப் போனால் நீங்கள் மாணவர் என்பது அதற்குத் தெரியாது, பணம் கேட்கும். கேட்டதும் அட்டையை எடுத்துவிட வேண்டாம். நூலகத்தின் நுழைவுவழியாக வந்தால் அதே கட்டுரை பெரும்பாலும் இலவசமாகத் திறக்கும். திறக்காவிட்டால் நூலகங்களுக்கிடையிலான இரவலுக்கு விண்ணப்பியுங்கள்.

மலர் விஷயத்துக்கு ஒரு வழி: மேற்பார்வையாளரிடம் கட்டுரையின் பெயரைவிட மலரின் அட்டை எப்படி இருந்தது, எந்தச் சங்கம் வெளியிட்டது, எந்த ஆண்டு என்று கேட்டு வாங்கிக்கொண்டு, லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தின் தகவல் மேசையில் தமிழ்த் தொகுப்பைப் பார்த்துக்கொள்ளும் நூலகரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த நூலை இரவலாக வெளியே தர மாட்டார்கள். உட்கார்ந்து படிக்கவும், பதிப்புரிமை அனுமதிக்கும் அளவுக்குப் படியெடுக்கவும் விடுவார்கள்.